மூளைக்குள் ஒரு கிரைண்டர்

சென்ற ஆண்டு தை மாதத்தில் ஒரு நாள், தார்நாகாவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் ஒரு பாட்டி என்னைத் தேடி வந்தார். நான் ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியன். பிள்ளைகளின் பரீட்சைக் காலத்தில் மட்டும் என்னைத் தேடுவோர் உண்டு. எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் பாடம் கேட்க வந்தது அதுதான் முதல் தடவை.

"ஏன் தம்பி, பேரனுக்கு மூளையில ஏதோ ஒரு புரோட்டீன் உண்டாகலைன்னு டாக்டர் சொல்லிட்டாராம். பருப்பு, முட்டை, கொண்டைக்கடலைன்னு நெறையக் குடுத்தா வந்துடாதா?"

சிரிப்பதற்குரிய கேள்வியல்ல இது. நம் வீடுகளில் பத்தில் ஒன்பது பேர் இப்படித்தான் நினைப்போம். அன்று அவருக்குக் கால் மணி நேரத்தில் என்னால் முடிந்ததைச் சொல்லி அனுப்பினேன். அவர் போன பிறகு, பாதிப் பதில்தான் சொன்னோம் என்ற உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது. மீதிப் பதிலை இங்கே எழுதுகிறேன். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் பருப்பும் முட்டையும். நாம் தின்னும் புரதம் புரதமாகவே உடம்பில் போய் ஒட்டிக்கொள்வதில்லை. குடலில் அது அமினோ அமிலங்கள் என்னும் சிறு துண்டுகளாக உடைந்து இரத்தத்தில் கலக்கிறது. இந்தத் துண்டுகளில் இருபது வகை உண்டு. அவற்றைத் தனக்கு வேண்டிய வரிசையில் கோத்துப் புதுப் புரதம் செய்து கொள்வது ஒவ்வோர் உயிரணுவின் சொந்த வேலை. பூக்காரியிடம் பூ எவ்வளவு இருந்தாலும், தொடுக்கும் கை வேண்டுமல்லவா? அந்தக் கைதான் ரைபோசோம்.

ரைபோசோமின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரை நாற்பதாயிரம் பங்கிட்டதில் ஒரு பங்கு அளவுதான். அதற்குள் 4 ஆர்.என்.ஏ. இழைகளும் சுமார் 80 புரதங்களும் பின்னிக் கிடக்கின்றன. அந்த எண்பதுக்கு ரைபோசோமப் புரதங்கள் என்று பெயர். புரதம் செய்யும் இயந்திரத்தின் உதிரி பாகங்களும் புரதங்களே என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். உட்கருவில் பூட்டி வைத்த டி.என்.ஏ. என்னும் பெரிய ஏட்டிலிருந்து, வேண்டிய பக்கத்தை மட்டும் படியெடுத்த ஒரு சீட்டு வெளியே வரும். அதைத் தூது ஆர்.என்.ஏ. என்பார்கள். ரைபோசோம் அந்தச் சீட்டைப் படித்து, விநாடிக்கு ஐந்தாறு அமினோ அமிலங்கள் வீதம் கோத்துக்கொண்டே போகும். ஐந்நூறு மணிகள் உள்ள ஒரு புரதம் ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்தில் தயார்.

இந்தத் துகளை 1955இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டு விவரித்தவர் ஜார்ஜ் பலாடே. ஆனால் அதன் உள்ளமைப்பு அணு அணுவாகத் தெளிய இன்னும் நாற்பத்தைந்து ஆண்டுகள் பிடித்தன. அதில் நம்மவர் ஒருவருக்குப் பெரும் பங்கு. 1952இல் சிதம்பரத்தில் பிறந்து, மூன்று வயதில் பெற்றோருடன் பரோடாவுக்குக் குடிபெயர்ந்த வெங்கி ராமகிருஷ்ணன், 2000ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் ரைபோசோமின் சிறு பாதியின் கட்டமைப்பை வெளியிட்டார். 2009இல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவர் பட்டம் பெற்றதெல்லாம் இயற்பியலில். குஜராத்தில் வளர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை என்பதை, ஊர் விட்டு ஊர் வந்த நம் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்ல எனக்குப் பிடிக்கும். அவர்கள் "அப்படியா?" என்று கேட்டுவிட்டு கிரிக்கெட்டுக்குத் திரும்பி விடுவார்கள். அது வேறு விஷயம்.

இந்த விஞ்ஞானத்தைத் தேடி கேம்பிரிட்ஜ் வரை போக வேண்டியதில்லை. தார்நாகாவிலிருந்து உப்பல் செல்லும் சாலையில் ஹப்சிகூடாவில் இருக்கும் சி.சி.எம்.பி. என்னும் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தை நம்மில் பலர் தினமும் பஸ்ஸிலோ மெட்ரோவிலோ கடந்து போகிறோம். புஷ்ப மித்ர பார்கவாவின் முயற்சியில் 1977இல் உருவானது. அங்கே ராஜன் சங்கரநாராயணன் அவர்களின் ஆய்வுக்கூடம் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருவது, இந்தக் கோக்கும் வேலையில் பிழை திருத்தம் எப்படி நடக்கிறது என்பதை. நம் இரு கைகளைப் போல, அமினோ அமிலங்களிலும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவங்கள் உண்டு. புரதத்தில் சேர்வது இடக்கை வடிவம் மட்டுமே. வலக்கை வடிவம் தவறி ஏறிக்கொண்டால், அதைக் கழற்றி எறியும் ஒரு நொதி உண்டு. அந்த நொதி எப்படி ஆள் அடையாளம் காண்கிறது என்பதை இந்தக் கூடம் 2013இல் விளக்கிக் காட்டியது. இத்தகைய பணிகளுக்காக 2020இல் அவருக்கு இன்ஃபோசிஸ் பரிசு கிடைத்தது. மூளையில் இது இன்னும் சுவாரசியமான சமாச்சாரம். ஏனென்றால், செரின் என்னும் அமினோ அமிலத்தின் வலக்கை வடிவத்தை மூளை தானே தயாரித்து, நரம்புச் செய்தி அனுப்பப் பயன்படுத்துகிறது. கலப்படச் சரக்கைக் கடைக்காரரே உள்ளே வைத்திருப்பது போல! அங்கே காவல் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் எலிகளில் கிடைத்தது. இதே போன்ற இன்னொரு பிழை திருத்தும் வேலை பழுதுபட்ட எலிகளின் சிறுமூளையில் நரம்பணுக்கள் மடிந்து, அவை தள்ளாடி நடந்ததை 2006இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள்.

இனி, ரைபோசோம் மூளையில் எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறது என்ற கேள்விக்கு வருவோம். பாட்டியின் பேரனுடைய கதை அங்கேதான் இருக்கிறது.

மற்ற உயிரணுக்கள் அநேகமாக உருண்டையாகவோ கட்டையாகவோ இருக்கும். நரம்பணு ஒரு மரம். உடல் சிறியது; கிளைகள் மிக நீளம். உடலை ஓர் எலுமிச்சம்பழம் அளவுக்குப் பெரிதாக்கினால், செய்தி வாங்கும் கிளைகளான டென்டிரைட்டுகள் ஒரு மீட்டர் வரை பரவும். முதுகுத் தண்டிலிருந்து கால் விரலுக்கு ஓடும் ஆக்ஸான் இழை இரண்டு கிலோமீட்டர் நீளும். ஒரு நரம்பணு இன்னொன்றைச் சந்திக்கும் இடம் சினாப்ஸ். நரம்புச் சந்திப்பு என்று சொல்லலாம். ஒரே நரம்பணுவுக்கு இப்படிப் பத்தாயிரம் சந்திப்புகள் கூட இருக்கும். டென்டிரைட்டில் இவை பெரும்பாலும் ரோஜாத் தண்டின் முள்ளைப் போன்ற சிறு புடைப்புகளில் அமைந்திருக்கின்றன. நாம் ஒன்றைக் கற்கும்போது குறிப்பிட்ட சில முட்கள் பருத்து வலுக்கின்றன, பயன்படாதவை சுருங்குகின்றன. வலுப்பதற்குப் புதுப் புரதம் வேண்டும். போதாக்குறைக்கு, அங்கே இருக்கும் புரதங்களும் பெரும்பாலும் சில நாட்களில் தேய்ந்து போகிறவை. மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

புரதம் எல்லாம் நரம்பணுவின் உடலில் தயாராகி, கிளைகள் வழியே அனுப்பப்படுகிறது என்றுதான் நான் கல்லூரியில் படித்தேன். பல ஆண்டுகள் அப்படியே பாடமும் நடத்தினேன். பிள்ளைகளே, ஒரு கணக்குப் போடுங்கள். நரம்பு இழைக்குள் சரக்குப் போக்குவரத்தில் இரண்டு வண்டிகள். விரைவு வண்டி ஒரு நாளைக்கு 400 மில்லிமீட்டர் வரை போகும். பாசஞ்சர் வண்டி 1 மில்லிமீட்டர்தான் நகரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் இழையின் கடைசிக்குப் போய்ச் சேர எத்தனை நாள்? விரைவு வண்டிக்கு இரண்டரை நாள். பாசஞ்சருக்கு ஆயிரம் நாள், அதாவது மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. போகும் வழியிலேயே சரக்கு கெட்டுப் போகும். தூரம் குறைவான டென்டிரைட்டிலும் வேறொரு சிக்கல். பத்தாயிரம் முட்களில் இந்த ஒரு முள்ளுக்கு மட்டும், இந்த நிமிடத்தில் வேண்டும் என்று விலாசம் எழுதி அனுப்புவது யார்?

நம் வீட்டுச் சமாசாரமாகப் பாருங்கள். ஐதராபாத்துக்கு வந்த புதிதில் அப்பளம், வடகம், முறுக்கு எல்லாம் சார்மினார் எக்ஸ்பிரஸில் ஊரிலிருந்து வந்தன. இட்லி வந்ததா? வராது. அம்மா கடிதத்தில் அளவு எழுதி அனுப்புவாள், நாலுக்கு ஒன்று என்று. மாவு இங்கேதான் அரைத்தாக வேண்டும். கடிதம் தூது ஆர்.என்.ஏ. கிரைண்டர் ரைபோசோம்.

நரம்பணுவும் இப்படித்தான் செய்கிறது என்பது மெல்ல மெல்லத் தெரிய வந்தது. 1963இல் ஃப்ளெக்ஸ்னர் தம்பதியரும் ஸ்டெல்லரும், ரைபோசோமின் வேலையைப் பாதியில் நிறுத்தும் பியூரோமைசின் என்னும் மருந்தை எலிகளின் மூளையில் செலுத்தினார்கள். அவை பழகிய பாதையை மறந்தன. ஞாபகத்துக்கும் புதுப் புரதத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்பதற்கு அது ஒரு முதல் தடயம். 1965இல் டேவிட் போடியன் குரங்கின் தண்டுவடத்தில் சந்திப்புகளுக்கு அருகே ரைபோசோம் கொத்துகளைப் பார்த்து எழுதினார். அதிகம் பேர் கவனிக்கவில்லை. 1982இல் ஆஸ்வால்ட் ஸ்டீவர்டும் வில்லியம் லெவியும் எலி மூளையில் தேடி, முள்ளின் அடிவாரத்திலேயே ரைபோசோம்கள் குழுமியிருப்பதைக் காட்டினார்கள். சந்திப்பு இருக்கும் இடத்துக்கு நேர் கீழே! தற்செயல் என்று தள்ளிவிட முடியாத ஒழுங்கு அது.

ஆனாலும் கிரைண்டர் மூலையில் நிற்பதாலேயே அதில் மாவு அரைக்கிறார்கள் என்று ஆகாதே. அதற்கான சோதனையை 1996இல் ஹியேஜின் காங்கும் எரின் ஷூமனும் செய்தார்கள். நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியின் மெல்லிய சீவலை எடுத்து, நரம்பணுக்களின் உடல்களைக் கிளைகளிலிருந்து கத்தியால் பிரித்தார்கள். தலைமையகம் துண்டிக்கப்பட்ட நிலையில், ஒரு வளர்ச்சிக் காரணியைச் சேர்த்தபோது அந்தச் சந்திப்புகள் வலுப்பெற்றன. புரதத் தயாரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்த்தால் வலுப்பெறவில்லை. ஆகவே தயாரிப்பு நடந்தது கிளையிலேயேதான். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும்படி இருக்கிறது.

2012இல் அதே ஷூமனின் குழு, எலி ஹிப்போகாம்பஸின் கிளைப் பகுதியில் கிடைத்த தூதுச் சீட்டுகளைக் கணக்கெடுத்தது. 2,550 வகைகள். இப்படிப்பட்ட பட்டியல்களில் ஒரு புதிர் இருந்தது. சந்திப்புக்கு வேண்டிய புரதங்களின் சீட்டுகளோடு, ரைபோசோமப் புரதங்களின் சீட்டுகளும் ஏராளமாகக் கிளைகளில் கிடந்தன. இது ஏன் புதிர் என்றால், ரைபோசோம் பூட்டப்படும் இடம் உட்கருவுக்குள் இருக்கும் நியூக்ளியோலஸ். உதிரி பாகங்கள் அநேகமாக எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்து, ஆர்.என்.ஏ. இழைகளோடு வரிசையாகப் பொருத்தப்பட்டு, இரண்டு பாதிகளாக வெளியே வர வேண்டும். அப்படியிருக்க, உதிரி பாகம் செய்யும் குறிப்பு இவ்வளவு தூரத்தில் எதற்கு? கோயம்புத்தூரில் செய்யும் கிரைண்டரின் பாகங்களுக்கான வரைபடம் செகந்திராபாத் சமையலறையில் கிடந்தால் என்ன நினைப்போம்?

செகந்திராபாத்தில் இருக்கும் நமக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். கிரைண்டரில் பெல்ட் அறுந்தால் அதைக் கோயம்புத்தூருக்கா அனுப்புகிறோம்? ராணிகஞ்ச் பக்கம் போய் ஒரு பெல்ட் வாங்கி வந்து மாட்டுகிறோம். கல் பழையது, மோட்டார் பழையது. பெல்ட் மட்டும் புதிது. ரைபோசோமிலும் அப்படி நடக்கிறதென்று இரண்டு ஆய்வுகள் காட்டின. கேம்பிரிட்ஜில் கிறிஸ்டின் ஹோல்ட்டின் குழு, தவளைக் குஞ்சின் கண் நரம்பு இழைகளில், அங்கேயே செய்யப்பட்ட ரைபோசோமப் புரதங்கள் அங்கே ஏற்கெனவே இருக்கும் ரைபோசோம்களில் போய்ச் சேர்வதை 2019இல் கண்டது. அப்படிச் சேரும் ஒரு புரதத்தின் தயாரிப்பைத் தடுத்தபோது, இழையில் புரத உற்பத்தி குறைந்தது; இழை கிளை விடுவதும் குன்றியது. 2021இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஷூமனின் குழுவில் கிளௌடியா ஃபுஸ்கோவும் சகாக்களும் எலி நரம்பணுக்களில் இதையே அளந்து பார்த்தார்கள். எண்பதில் சுமார் ஒரு டஜன் புரதங்கள் முழு ரைபோசோமிலிருந்து விரைவாகக் கழன்று, புதியவை அந்த இடத்தில் ஏறிக்கொள்கின்றன. உட்கருவுக்குப் போகாமலேயே. உயிரணு நெருக்கடியில் இருக்கும்போது எந்தப் பாகம் எவ்வளவு மாற்றப்படுகிறது என்பதும் மாறுகிறது.

இது வெறும் பழுது பார்ப்பதுதானா, அல்லது பாகத்தை மாற்றுவதால் ரைபோசோமின் குணமே மாறி, சில சீட்டுகளை விரும்பிப் படிக்கிறதா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. நம் கிரைண்டர் உவமை அந்த இடத்தில் நொண்டும். பெல்ட்டை மாற்றியதால் எந்தக் கிரைண்டரும் இட்லி மாவை மட்டும் விரும்பி அரைக்காது. ஆனால் ரைபோசோமப் புரதத்தில் வரும் ஒரு சிறு மாறுதல் கூட மூளைக்கு உறைக்கும் என்பதற்கு அறிகுறிகள் உண்டு. எக்ஸ் குரோமோசோமில் உள்ள எல்-10 என்னும் ரைபோசோமப் புரதத்தின் மரபணுவில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் இருந்த இரண்டு குடும்பங்களில் மாறுதல் காணப்பட்டதாக 2006இல் ஒரு ஆய்வு வெளிவந்தது.

சரி, கிரைண்டர் இருக்கிறது, கடிதம் இருக்கிறது, பெல்ட்டும் கிடைக்கிறது. இன்னொன்று வேண்டும். சுவிட்சு. எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்தால் மாவு பொங்கி வழியும். சந்திப்பில் அந்த நிறுத்தும் வேலையைச் செய்யும் ஒரு புரதம் உண்டு, எஃப்.எம்.ஆர்.பி. என்று அதன் சுருக்கப் பெயர். அது தூதுச் சீட்டுகளைப் பிடித்துக்கொண்டு, அவற்றைப் படிக்கும் ரைபோசோமை நடுவழியில் நிறுத்தி வைப்பதை 2011இல் ஜெனிஃபர் டார்னலின் குழு எலி மூளையில் காட்டியது. ஈயின் எஃப்.எம்.ஆர்.பி. ரைபோசோமின் மேலேயே நேராகப் போய் அமர்வதையும், அந்த இடம் எல்-5 என்னும் ரைபோசோமப் புரதத்தை ஒட்டியிருப்பதையும் 2014இல் இன்னொரு குழு படம் பிடித்தது. சந்திப்புக்குச் செய்தி வரும்போது பிடி தளர்கிறது, தயாரிப்பு நடக்கிறது, மறுபடி பிடி இறுகுகிறது. பெங்களூரில் இன்ஸ்டெம் ஆய்வு நிலையத்தில் ரவி முட்டஷெட்டியின் குழுவினரும் இந்தப் புரதத்தைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள்.

பாட்டியின் பேரனுக்கு உண்டாகாத புரதம் இதுதான்.

அந்தக் குறைக்கு ஃப்ரஜைல் எக்ஸ் என்று பெயர். நுண்ணோக்கியில் எக்ஸ் குரோமோசோமின் நுனி ஒடிந்தது போலத் தெரிந்ததால் வந்த பெயர். மரபணு 1991இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் தொடக்கத்தில் சி.ஜி.ஜி. என்ற மூன்றெழுத்து, பெரும்பாலோரிடம் முப்பது தடவை போலத் திரும்பத் திரும்ப வரும். சிலரிடம் அது 55 முதல் 200 வரை நீண்டிருக்கும்; இவர்களைக் கடத்துவோர் எனலாம். தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போது இந்த நீளம் கூடக்கூடும். 200ஐத் தாண்டினால் மரபணு பூட்டிக்கொள்கிறது, எஃப்.எம்.ஆர்.பி. உண்டாவதில்லை. ரைபோசோம்கள் தடையின்றி ஓடுகின்றன. முட்கள் பருத்து முதிராமல் மெலிந்து நீண்டு நிற்கின்றன. புரதம் குறைவதால் வந்த நோயில் மற்றப் புரதங்கள் மிகுதியாகத் தயாராகின்றன என்பதைக் கவனித்தீர்களா? பருப்பும் முட்டையும் ஏன் உதவாது என்பதற்கு இதுதான் முழு விடை. சரக்குக்குக் குறைவே இல்லை. குறை சுவிட்சில்.

சுமார் நாலாயிரம் முதல் ஏழாயிரம் ஆண்களில் ஒருவருக்கு இது இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். பரம்பரையாக வரும் அறிவு வளர்ச்சிக் குறைகளில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. பேச்சு தாமதிக்கும், கண்ணுக்குக் கண் பார்க்கக் கூச்சம், இரைச்சல் என்றால் அச்சம், கையை உதறுவது, ஒரே சொல்லைத் திரும்பச் சொல்வது. பெண் குழந்தைக்கு இன்னொரு எக்ஸ் இருப்பதால் பாதிப்பு பெரும்பாலும் குறைவு.

அந்த வீட்டில் இது தெரிய வர நாலரை வயது ஆயிற்று. அதற்குள் நடந்தவை எனக்கு இன்றும் வருத்தம் தருகின்றன. பாட்டியின் மகள் அத்தை மகனைக் கட்டியவர். "சொந்தத்துல கட்டினா இப்படித்தான்" என்று உறவினர் சொன்னார்கள். சொந்தத்தில் மணப்பதால் வரும் நோய்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஃப்ரஜைல் எக்ஸ் அந்த வகையைச் சேர்ந்ததில்லை. தாய் கடத்துபவராக இருந்தால் தந்தை யாராக இருந்தாலும் வரலாம். இன்னொரு படித்தவர் சொன்ன ஆலோசனை இதைவிட மோசம். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளியில் ஹிந்தியும் இங்கிலீஷும். பிள்ளை குழம்பிவிட்டான், தமிழை நிறுத்துங்கள் என்றாராம். வெளியூரில் வாழும் நம் குடும்பங்களில் இதைக் கேட்காதவர் குறைவு. பல மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் குறை வருவதில்லை என்று ஆய்வுகள் தெளிவாகச் சொல்கின்றன. அந்த வீட்டில் நம்பிவிட்டார்கள். பாட்டிக்குத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. எட்டு மாதம் அவர் பேரனிடம் வாயே திறக்கவில்லை. "நான் பேசினா அவனுக்குக் கெடுதல்னு சொன்னாங்க தம்பி" என்று என்னிடம் சொன்னபோது அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் அவர் சொன்னார், அதற்கும் இதற்கும் சம்பந்தம் என்று தெரியாமலே. அவருடைய கணவருக்கு அறுபது வயதுக்கு மேல் கை நடுங்கத் தொடங்கி, காபி டம்ளரைப் பிடிக்க முடியாமல், நடையும் தள்ளாடிப் போனதாம். கடத்தும் நிலையில் உள்ள ஆண்கள் சிலருக்கு ஐம்பதுக்கு மேல் இத்தகைய நடுக்கம் வருவதுண்டு. பார்க்கின்சன் என்று தவறாக நினைப்பதும் உண்டு. அப்படிப்பட்ட ஆண் அந்த எக்ஸைத் தன் எல்லா மகள்களுக்கும் தருகிறார், மகன்களுக்குத் தருவதில்லை. தாத்தாவுக்கு இருந்தது அதுதானா என்று இனிப் பரிசோதிக்க வழியில்லை. ஆனால் பாட்டிக்கு இன்னும் இரண்டு மகள்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் துபாயில். இதைக் கேட்டதும் அவர்களுக்கு எழுதச் சொன்னேன். இளையவருக்கு அப்போது திருமணம் நிச்சயமாகியிருந்தது, எழுதத் தயங்கினார்கள். பிறகு எழுதினார்கள். கடத்தும் பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு நாற்பது வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுவிடக்கூடும் என்பதால், குழந்தை பெறுவதைத் திட்டமிட அவர்களுக்கே இந்தச் செய்தி பயன்படும்.

பரிசோதனை என்பது ஒரு குப்பி இரத்தம்தான். எந்த வயதிலும் செய்யலாம். நம் நகரில் நிஜாம்ஸ் மருத்துவக் கழகத்தின் மருத்துவ மரபியல் துறையும், 1996இல் தொடங்கி இப்போது உப்பலில் இயங்கும் டி.என்.ஏ. ரேகை, நோய் கண்டறியும் மையமும் மரபுக் குறைகளைக் கண்டறியும் பணியில் நெடுநாள் பழக்கம் உள்ளவை. பயிற்சிக்கும் பெற்றோருக்கு வழிகாட்டவும், 1984இல் அமைந்த தேசிய நிறுவனம் ஒன்று செகந்திராபாத் மனோவிகாஸ் நகரில் உள்ளது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கென நாடு முழுவதற்குமான நிறுவனம் நம் ஊரிலேயே இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

குணமாக்கும் மருந்து உண்டா என்று கேட்பீர்கள். இன்று வரை இல்லை. சந்திப்பில் தயாரிப்பைத் தூண்டும் ஒரு வாங்கியை அடக்கினால் போதும் என்று 2004இல் மார்க் பேரும் சகாக்களும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். எலிகளில் அழகாகப் பலித்தது. மனிதரில் நடத்திய பெரிய சோதனைகள் பலிக்காமல் 2014 வாக்கில் கைவிடப்பட்டன. எலியின் மூளை எலியின் மூளைதான். பேச்சுப் பயிற்சி, கைவேலைப் பயிற்சி, படபடப்பைக் குறைக்கும் மருந்துகள், இவைதான் இப்போது கையில் இருப்பவை. இவை பயன் தருகின்றன. சீக்கிரம் தொடங்கினால் கூடுதலாகத் தருகின்றன.

பையனுக்கு இப்போது ஐந்தரை வயதாகிறது. பாட்டி மறுபடி பேசுகிறார், தமிழில், நாள் முழுக்க. இரண்டு சொல் சேர்த்துப் பேச வந்துவிட்டது. "பாட்டி தோசை" என்கிறான். தெலுங்கில் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுகிறான். கிரைண்டர் சத்தம் மட்டும் அவனுக்கு ஆகாது, காதைப் பொத்திக்கொண்டு அழுவான். அதனால் அவன் பயிற்சிக்குப் புறப்பட்டுப் போன பிறகுதான் அந்த வீட்டில் மாவு அரைக்கிறார்கள்.